கரண்ட் ஒயருக்குப் பக்கத்தில் லேன் கேபிள்: வடசென்னை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளில் உள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர்கள் இரண்டைத் தாண்டிவிட்டால் வைஃபை அலை பின்கட்டை எட்டுவதில்லை. ஃபைபர் இணைப்பு தெருப்பக்கமாக வருவதால் ரவுட்டர் முன்னறையிலேயே நின்றுவிடுகிறது; படிக்கும் பிள்ளையோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரோ பிற்காலத்தில் கட்டிய மேல்மாடி அறையில் இருப்பார்கள். அங்கே ஒரு லேன் கேபிள் கொண்டுபோவதே நிலையான தீர்வு. அந்த முடிவில் தவறில்லை. "சுவருக்குள்ளதான் ஏற்கெனவே பைப் போகுதே, அதுலயே விட்டுடலாம்" என்று அடுத்து எடுக்கும் முடிவில்தான் தவறு நேர்கிறது.

வீடுகளில் நெட்வொர்க் வேலை செய்து வரும் எனக்கு, புது வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிவீட்டில் பார்த்தது இன்றும் மறக்கவில்லை. நெட் விட்டுவிட்டு வருகிறது என்று அழைத்திருந்தார்கள். மாடி அறையின் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தபோது, ஃபேன் ஒயரும் லைட் ஒயரும் வரும் அதே பைப்பின் வாயிலிருந்து சாம்பல் நிற லேன் கேபிள் ஒன்று இறங்கி, ரெகுலேட்டருக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. கேபிளை இழுத்தபோது இரும்புப் பாக்ஸின் விளிம்பில் உரசியதால் சிவப்பு ஒயரின் மேலுறை கிழிந்து, ஓர் அரிசி நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அந்தச் செம்பு லேன் கேபிளின் உறையின் மீது சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பிளாஸ்டிக் மட்டுமே. வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நெட் ஒயர்ல கரண்ட் வராதுல்ல தம்பி?" என்று கேட்டார். "அதுல வராதும்மா, ஆனா இதுலேருந்து அதுக்கு வந்துரும்" என்றேன். அந்தக் கேபிளின் மறுமுனை அவருடைய மகள் படிக்கும் மேசையில் இருந்தது.

இரண்டு காரணங்கள், ஒரே எடை அல்ல

லேன் கேபிளையும் மின்கம்பியையும் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் பலரும் நெட் வேகத்தைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேகம் இரண்டாவது காரணம். உயிர்ப் பாதுகாப்பே முதல் காரணம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். லேன் கேபிளின் உள்ளே ஓடுவது சில வோல்ட் மட்டுமே. கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினாலும் 60 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. வெவ்வேறு மின்னழுத்தம் கொண்ட சுற்றுகள் ஒரே குழாயில் செல்ல வேண்டுமானால் அதிலுள்ள எல்லாக் கம்பிகளுக்கும் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மின்கம்பி விதிகளின் பொது நெறி. கடையில் வாங்கும் சாதாரண லேன் கேபிளை அந்த வேலைக்கு நம்பக் கூடாது.

இங்கே இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். லேன் கேபிளைச் செருகும் ஈதர்நெட் போர்ட்டுகளின் உள்ளே, கேபிளைக் கருவியின் உட்பகுதியிலிருந்து மின்வழியில் பிரித்து வைக்கும் சிறு மின்மாற்றிகள் உண்டு. அவை 1500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்பட வேண்டும் என்பது தரவிதி. ஆகவே கேபிளின் ஏதோ ஓரிடத்தில் 230 வோல்ட் தொட்டுக்கொண்டிருந்தாலும், ரவுட்டர் எரியாமல், நெட்டும் நிற்காமல் இருக்க வாய்ப்பு உண்டு. கேபிளைக் கழற்றி முனையைக் கையில் பிடிப்பவருக்குத்தான் அது தெரியவரும். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எலிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மார்க்கெட்டும் கிடங்குகளும் சூழ்ந்த நம் தெருக்களில் எலி இல்லாத வீடு அரிது. ஒரே பைப்பில் இரண்டு கம்பிகளும் கிடந்தால் எலி இரண்டின் உறையையும் ஒரே இடத்தில் கடிக்கும்; செம்பும் செம்பும் தொடுவதற்கு அது போதும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தொடுகிறது. பெறும் கருவியோ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே படிப்பதால் பொதுவான இரைச்சல் கழிந்துபோகிறது. இதனால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் சீரான முனகல் லேன் கேபிளைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. தொல்லை தருபவை திடீர் அதிர்வுகள்: தண்ணீர் மோட்டார் கிளம்பும் கணம், பழைய டியூப் லைட்டின் சோக்கு, எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. டிரைவர், இன்வெர்ட்டர். மின்கம்பிக்கு அருகே ஓரிரு மீட்டர் மட்டும் இணையாகச் செல்லும் நல்ல கேபிளில் வேக இழப்பை நீங்கள் உணரக்கூட மாட்டீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீளம் கூடக் கூட, கேபிளின் தரம் குறையக் குறைய, முறுக்கு அவிழ்ந்த இடங்கள் அதிகரிக்க அதிகரிக்க, பிழை பெருகும்.

எவ்வளவு தூரம் விட வேண்டும்

பல நாடுகளின் விதிகளிலும் குறைந்தபட்ச அளவாகக் காணப்படுவது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தரத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த கணக்கின்படி, உலோக மறைப்பு இல்லாத மின்கம்பியிலிருந்து உலோகமல்லாத குழாயில் செல்லும் லேன் கேபிளுக்கு விட வேண்டிய இடைவெளி, மின்சுமை 2 கே.வி.ஏ.வுக்கு (ஏறக்குறைய 2000 வாட்) உட்பட்டிருந்தால் 127 மில்லிமீட்டர், 2 முதல் 5 கே.வி.ஏ. வரை 305 மில்லிமீட்டர், அதற்கு மேல் 610 மில்லிமீட்டர். நம் வீட்டு அளவில் இதை நான் இப்படிப் பின்பற்றுகிறேன்: லைட், ஃபேன் லைனிலிருந்து அரை அடி, ஏ.சி., கீசர், மோட்டார் லைனிலிருந்து ஓரடி. மீட்டர் போர்டு, டி.பி. பாக்ஸ் (வீட்டின் எல்லா லைன்களும் பிரியும் மின்பெட்டி), இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து இரண்டடி. அகலம் பத்தடிகூட இல்லாத அறையில் இதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாத இடம் வரும். அங்கே இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், தனிப் பைப்பில், குறைந்த நீளத்துக்கு மட்டும் இணையாகக் கொண்டுபோகலாம். மின்கம்பியைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறியைப் போலச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் இரண்டும் அருகருகே செல்லும் நீளம் கூடிவிடும்.

தூரத்தில் விட்டுக்கொடுக்கலாம்; ஒரே பைப், ஒரே பாக்ஸ் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதற்படி: சுவரைப் படித்தல்

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், ஃபேன் பாக்ஸ், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் செல்லும் பைப் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலாகக் கூரை வரை ஏறும், அல்லது நேர் கீழாகப் பிளக் பாயிண்டுக்கு இறங்கும்; இரண்டு போர்டுகள் ஒரே மட்டத்தில் இருந்தால் இடையே கிடையாகவும் சென்றிருக்கலாம். இந்தக் கோடுகளின் இருபுறமும் அரை அடி வரை துளையிடவோ காடி வெட்டவோ கூடாத பகுதி என்று கொள்ளுங்கள். பிற்காலத்தில் சேர்த்த ஏ.சி. லைன் மட்டும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் குறுக்கே போயிருக்கும்; வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சுவிட்ச் பாக்ஸைத் திறக்க நேர்ந்தால் மெயினை அணைத்தல் மட்டும் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் போன மறுகணமே அது லைட், ஃபேன் கம்பிகளுக்கு 230 வோல்ட்டைத் தரத் தொடங்கும். மெயினை இறக்கிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக் கையை வைத்தவர்கள் அடி வாங்குவது இங்கேதான். இன்வெர்ட்டரை முன்பக்கப் பொத்தானில் அணைத்து, அதன் வெளியீட்டு இணைப்பையும் துண்டித்த பிறகே பாக்ஸைத் தொட வேண்டும். டெஸ்டர் ஸ்குரூடிரைவரின் விளக்கு, பக்கத்துக் கம்பியின் தூண்டலால்கூட மங்கலாக எரியக்கூடும்; டெஸ்டரே பழுதாகி எரியாமலும் போகலாம். ஆகவே மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் மல்டிமீட்டரை முதலில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து உறுதிசெய்யுங்கள். மின்கம்பியைக் கழற்றி மாற்ற வேண்டிய எந்த வேலையையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

கேபிள் வாங்குதல்

லேன் கேபிளின் தரம் கேட் 5இ, கேட் 6 என்று குறிக்கப்படும். ஒரு ஜிகாபிட் வேகத்துக்குக் கேட் 5இ போதும்; அது 100 மீட்டர் வரை அந்த வேகத்தைத் தரும். புதிதாகப் போடுபவர்கள் கேட் 6 வாங்குவது பொருத்தம். விலை வேறுபாடு சிறிது, குறைந்த தூரத்தில் 10 ஜிகாபிட் வரை தாங்கும். சுவருக்குள் செல்வது, எட்டில் ஒவ்வொன்றும் இழைகளாகப் பிரியாத ஒற்றைக் கம்பியாக உள்ள கேபிளாக இருக்க வேண்டும். பல இழை கொண்ட மென்மையான கேபிள் சுவரிலிருந்து கணினி வரையிலான சிறு துண்டுக்கு மட்டுமே.

பாரிமுனையிலோ ரிச்சி தெருவிலோ கேபிள் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு ஏற்றிய கேபிள்கள் ஏராளமாக விற்பனையில் உள்ளன. அவற்றில் மின்தடை கூடுதல், வளைத்தால் எளிதில் உடையும், கேமராவுக்கு அதன் வழியே மின்சாரம் அனுப்பினால் சூடேறும். ஒரு கம்பியை வெட்டி, பிளேடால் மேற்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அலுமினியம், சுரண்டச் சுரண்டச் செம்மையாகவே இருந்தால் செம்பு. கடைக்காரரிடமே கேட்டு, அவர் முன்னாலேயே இதைச் செய்யலாம். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தடுக்க மாட்டார்.

உலோக உறை போட்ட கேபிள் வாங்கினால் மின்கம்பியோடு சேர்த்தே போடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. அந்த உறை முறையாக எர்த்தில் சேர்க்கப்பட்டால் மட்டுமே பயன் தரும். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த உறையே கசிவு மின்சாரத்தை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுமந்து செல்லும் பாதையாகிவிடும். கடலோரப் பகுதியில் பழைய இரும்பு எர்த் பைப்புகள் உப்பில் அரித்துப் போயிருப்பது வழக்கம். ஆகவே வீடுகளுக்கு உறையில்லாத கேபிளும் போதிய இடைவெளியுமே என் பரிந்துரை.

பாதையும் பைப்பும்

மின்பைப் கூரையை ஒட்டிச் செல்லும் வீட்டில் லேன் கேபிளைத் தரையை ஒட்டிக் கொண்டுபோவது எளிய வழி. சுவரும் தரையும் சேரும் மூலையில் கேசிங் கேப்பிங் பட்டை (கேபிளை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டை) வைத்து, கதவு நிலையைச் சுற்றி ஏற்றி இறக்கினால் சுவரை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. வாடகை வீடுகளுக்கும், காடி வெட்டினால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும் பழைய சுவர்களுக்கும் இதுவே ஏற்றது. தரையில் மழைநீர் ஏறும் தாழ்வான பகுதிகளில் பட்டையை இரண்டு மூன்று அடி உயரத்தில் வையுங்கள்; அந்த உயரத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் அதற்கு மேலே ஏற்றிச் சுற்றிவிடுங்கள்.

காடி வெட்டிப் பைப் புதைப்பவர்கள் 25 மில்லிமீட்டர் பைப் போடுங்கள். 20 மில்லிமீட்டரில் இரண்டு கேபிளும் 25 மில்லிமீட்டரில் நான்கு கேபிளும் தடையின்றி நகரும். அதற்கு மேல் திணித்தால் இழுக்கும்போது உள்ளே முறுக்குக் குலையும். இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பாக்ஸ் வைக்க வேண்டும். பைப்பின் இரு முனையிலும் பெயிண்ட்டால் ஒரு நீலக் கோடு போட்டு வைத்தால், பிற்காலத்தில் வரும் எலக்ட்ரீஷியன் அதைக் காலிப் பைப் என்று எண்ணிக் கரண்ட் ஒயரை நுழைக்க மாட்டார்.

சுவரில் லேன் பாயிண்டுக்கென்று தனிப் பாக்ஸ் வைக்க வேண்டும். மாடுலர் பிளேட்டில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே லேன் ஜாக்கைப் பொருத்தும் வசதி இருக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் பிளேட்டின் பின்னால், நடுத்தடுப்பு இல்லாத ஒரே பெட்டியில், 230 வோல்ட் முனையும் லேன் ஜாக்கின் முனையும் விரல் இடைவெளியில் இருக்கும். நான் அதைச் செய்து தருவதில்லை. அரை அடி தள்ளி இன்னொரு பாக்ஸ் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இழுத்தல்

கேபிளை இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய பதினோரு கிலோ எடையைத் தூக்கும் பலம். கை வலிக்க இழுக்க வேண்டியிருந்தால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள், பின்வாங்கிப் பாருங்கள். வளைவின் ஆரம் கேபிளின் தடிமனைப் போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும், கேட் 6 கேபிளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். கட்டுவதற்கு நைலான் டையை இறுக்கிச் சுருக்காமல், கேபிள் உருளும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள்.

ஏற்கெனவே ஒரே பைப்பில் இருந்தால்

மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, லேன் கேபிளின் இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றிய பிறகு, எலக்ட்ரீஷியனை வைத்துக் கேபிளை மெதுவாக வெளியே எடுங்கள். வேகமாக உருவினால் பக்கத்து ஒயரின் உறையை அது அறுத்துவிடும். எடுத்த கேபிளை விரலால் தடவிப் பாருங்கள். கீறலோ உருகிய தடமோ எலிப் பல்லோ இருந்தால், அதே இடத்தில் மின்கம்பியும் பழுதாகியிருக்கும். மின்கம்பிகளின் காப்பை மெக்கர் கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன வீட்டில் சிவப்பு ஒயர் முழுவதையும் மாற்றச் செய்து, லேன் கேபிளை மாடிப்படிச் சுவரின் ஓரமாகக் கேசிங்கில் ஏற்றினோம். டி.பி. பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லை என்றால் அதே நாளில் பொருத்திவிடுங்கள்.

வெளிப்புறமும் மொட்டைமாடியும்

தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்சார சர்வீஸ் ஒயரைத் தாங்கும் இரும்புக் கம்பியில் நெட் கேபிளைச் சுற்றிக் கட்டும் வழக்கம் பல தெருக்களில் காணப்படுகிறது. உறை தேய்ந்த சர்வீஸ் ஒயர் அந்த இரும்புக் கம்பியைத் தொட்டால் நெட் கேபிளிலும் மின்சாரம் ஏறிவிடும். மின்கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ கட்டுவதும் இதே ஆபத்துதான்.

ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் பாயாது, எதனோடும் சேர்த்துப் போடலாம் என்பார்கள். இழைக்கு அது பொருந்தும். ஆனால் வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில் தாங்குவதற்கென்று எஃகுக் கம்பி இருக்கும். அது முழுமையான கடத்தி. வீட்டுக்குள் நுழையும் முன் அந்த எஃகுக் கம்பியைப் பிரித்து, வெளியிலேயே கொக்கியில் முடித்துவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் மோட்டார் லைனும் கேமரா கேபிளும் ஒரே கைப்பிடிச் சுவரில் ஓடுவது வழக்கம். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று பிரித்தாலே இடைவெளி கிடைத்துவிடும். வெளியில் போடும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்டதாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாதாரண கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும். சுவரில் துளையிடும்போது வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்து, நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் ஐப்பசி மழை உள்ளே வழியாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று லேன் கேபிளின் ஆர்.ஜே. 45 செருகு முனைகளைப் பச்சையாக்கிவிடுவதால், வெளி இணைப்பு எதுவும் ரப்பர் வளையத்தோடு மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். இரண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு இடையே என்றால் செம்புக் கேபிளே வேண்டாம். இடி மின்னலும், இரு எர்த்துகளுக்கு இடையிலான வேறுபாடும் கருவிகளை அழித்துவிடும். அங்கே உலோகமற்ற ஃபைபரே சரி.

முனை போடுதலும் சோதனையும்

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை இரு முனையிலும் ஒரே மாதிரி போடுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்காதீர்கள். இரைச்சலைத் தடுப்பது அந்த முறுக்குத்தான். இரண்டு அங்குலம் அவிழ்த்துவிட்டு ஓரடி தூரம் விட்டதால் பெரிய பயன் இராது.

கருவிகளில் செருகுமுன், மின்சாரம் வந்த நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையைக் கேபிளின் ஒவ்வொரு கம்பியிலும் வைத்து அளந்து பாருங்கள். தூண்டலால் சிறிது மின்னழுத்தம் காட்டினால் அதில் வியப்பில்லை. 230ஐ நெருங்கிக் காட்டினால் உடனே மெயினை இறக்குங்கள். பிறகு லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கணினியில் இணைப்பு வேகத்தைக் காணுங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும். ஆகவே 1000 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் ஏதோ ஒரு ஜோடி சரியாகப் பிடிக்கவில்லை என்றே முதலில் ஐயப்படுங்கள், மின்கம்பியின் இரைச்சல் என்று அல்ல.

கடைசியாக, கணினியிலிருந்து ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பிக்கொண்டே, வீட்டில் ஒருவரைத் தண்ணீர் மோட்டார், மிக்ஸி, ஏ.சி. என்று ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஒரு கருவி கிளம்பும் ஒவ்வொரு முறையும் பதில் தவறினால், அந்தக் கருவியின் லைன் கேபிளுக்கு அருகே செல்லும் இடத்தை வரைபடத்தில் தேடி அங்கே மட்டும் தள்ளிப் போட்டால் போதும். வேலை முடிந்ததும் அந்த வரைபடத்தில் லேன் பாதையை நீலத்திலும் மின்பாதையைச் சிவப்பிலும் திருத்தி வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டி.பி. பாக்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தச் சுவரில் ஆணி அடிக்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.